ஏஐ ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் மகளுக்கு எந்த டிகிரி?

மன்னார்குடி அம்மாவுக்கு,

மனித மூளை யோசிப்பதையும் கணினி யோசிப்பதையும் சேர்த்து ஆராய வேண்டும் என்பது உங்கள் மகளின் ஆசை என்றால், டிகிரி பெயரில் 'ஏஐ' இருக்கிறதா என்று தேடாதீர்கள். பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். லீனியர் ஆல்ஜீப்ரா, நிகழ்தகவு, புள்ளியியல் மூன்றும் முழுத் தாள்களாக இல்லையென்றால், பெயருக்காக மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டுவது வீண்.

உளவியலும் இதற்கு ஒரு வாசல்தான். மூளை நரம்புச் செல்லைப் போலச் செய்த ஆரம்பகாலக் கணினி மாதிரியான பெர்செப்ட்ரானை 1958-இல் முன்வைத்த ஃபிராங்க் ரோசன்பிளாட் உளவியலாளர். 2024-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஏஐ முன்னோடி ஜெஃப்ரி ஹின்டன் கேம்பிரிட்ஜில் படித்தது சோதனை உளவியல்.

பக்கத்து அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் சேர்த்துவிட்டு, கூடவே ஐஐடி மெட்ராஸின் ஆன்லைன் டேட்டா சயின்ஸ் பி.எஸ். படிக்க வைக்கலாம். ஜேஇஇ இல்லாமலும் சேரலாம்: நான்கு வாரப் பாடம், பிறகு தகுதித் தேர்வு. ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்க 2022-லிருந்து யுஜிசி அனுமதி உண்டு. ஐஐடி படிப்பில் ஆரம்பத்திலேயே ஒரு பருவத்துக்கு நான்கு தாள் எடுத்தால் கல்லூரி செமஸ்டரும் சேர்ந்து நெருக்கும், இரண்டு போதும்.

முதுநிலையில், மனம் யோசிப்பதை ஆராயும் காக்னிடிவ் சயின்ஸ் ஐஐடி காந்திநகரிலும் ஐதராபாத் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. அதன்பின் பிஎச்.டி.; ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000.

அதுவரை காத்திருக்க வேண்டாம். ஒரு சோதனையை இப்போதே வீட்டில் செய்து பார்க்கட்டும். உளவியலாளர் ஸ்ட்ரூப் 1935-இல் செய்தது: 'பச்சை' என்ற சொல்லைச் சிவப்பு நிறத்தில் காட்டி, நிறத்தைக் கேட்பது. சொல்லும் நிறமும் பொருந்தாதபோது பதிலுக்கு எவ்வளவு கூடுதல் நேரம் ஆகிறது என்று அளக்க வேண்டும். இத்தகைய சோதனைகளுக்கான சைக்கோபை மென்பொருள் இலவசம். தமிழை நேரடியாகத் தட்டச்சு செய்தால் ஐகாரக் குறி இடம் மாறித் தெரியலாம். சொல்லைப் படமாகச் சேமித்துக் காட்டுவதே பத்திரம். செல்போன் வேண்டாம், தொடுதிரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு தாமதிக்கும். ஒரே லேப்டாப், ஒரே கீபோர்டு. நிறமும் சொல்லும் பொருந்துவது 24, பொருந்தாதது 24, இரண்டையும் கலைத்துப் போட வேண்டும். பொருந்தாதவற்றையெல்லாம் கடைசியில் வைத்தால், அதற்குள் கை பழகி வேகமாகிவிடும், வித்தியாசம் மறைந்துபோகும். கவனம் சிதறிய ஓரிரு பதில்கள் சராசரியை இழுத்துவிடும் என்பதால் இடைநிலையை, அதாவது நேரங்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை, கணக்கிடட்டும். சுமார் இருபது பேர் போதும், தெருவிலேயே கிடைப்பார்கள். ஒவ்வொருவரிடமும் விளக்கிச் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்ள வேண்டும், பெயருக்குப் பதில் எண் போட வேண்டும்.

அந்தத் தரவையும் இரண்டு பக்க அறிக்கையையும் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். கல்லூரி இரண்டாம் ஆண்டில் கோடை இன்டர்ன்ஷிப் கேட்டுப் பேராசிரியர்களுக்கு எழுதும்போது இணைக்கலாம். அந்தக் கடிதம் டிசம்பருக்குள் போய்விட வேண்டும்.