பொன்னாடை இருக்கட்டும், பதிவு எங்கே?

கேள்வி: எங்கள் சமுதாய வானொலியில் 16 ஆண்டுகளாக ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் உள்ளூர்ப் பாடகர்களின் பாட்டுகளை ஒலிபரப்பி வருகிறோம். சினிமாப் பாட்டு போட்டதே இல்லை. ஆள் இல்லை, பணம் இல்லை என்று அடுத்த மாதத்தோடு நிறுத்துகிறார்கள். பழைய நிகழ்ச்சிகள் எல்லாம் நிலையத்துக் கணினியிலும் சிடிகளிலும் பத்திரமாக இருக்கின்றன. கடைசி நிகழ்ச்சியை மறக்க முடியாததாகச் செய்வது எப்படி? பாடகர்கள் அத்தனை பேரையும் அழைத்துப் பொன்னாடை போர்த்தலாம் என்று யோசனை.
- நிகழ்ச்சித் தயாரிப்பாளர் ஒருவர், கடலோர மாவட்டம்

பதில்: பொன்னாடைக்கு ஒதுக்கிய காசில் 2 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்குங்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை வராத இடம் 'பத்திரமாக இருக்கின்றன' என்பதுதான். 2006ஆம் ஆண்டின் சமுதாய வானொலி நெறிமுறைகள், ஒலிபரப்பிய நிகழ்ச்சியை மூன்று மாதம் வைத்திருக்கச் சொல்லின. அதற்குமேல் வைத்திருப்பது உங்கள் பாடு. நிகழ்ச்சி நின்ற பிறகு ஒருநாள் கணினியில் இடமில்லை என்று மஞ்சள் எச்சரிக்கை வரும். எந்த ஃபோல்டருக்காகப் பேச ஆள் இல்லையோ அதைத்தான் முதலில் அழிப்பார்கள்.

பெரிய இடத்திலும் இதுதான் நடந்தது. பிரிட்டனின் பிபிசி ரேடியோ 1-இல் அறிவிப்பாளர் ஜான் பீல் 1967 முதல் 2004 வரை, பெயர் தெரியாத குழுக்களை எல்லாம் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் பதிவு செய்து ஒலிபரப்பினார். பெரும்பாலும் ஒரே நாள், நாலு பாட்டு. அப்படி 4,000-க்கும் மேற்பட்ட அமர்வுகள். ஆரம்ப கால நாடாக்களில் பலவற்றை நிலையமே அழித்துவிட்டது. வீட்டில் கேசட்டில் பிடித்து வைத்திருந்த நேயர்களிடமிருந்துதான் பல நிகழ்ச்சிகள் திரும்பக் கிடைத்தன. 2004 அக்டோபரில் விடுமுறைக்குப் பெரு நாட்டுக்குப் போன இடத்தில் அவர் இறந்துபோனார். வழியனுப்பு நிகழ்ச்சி என்று ஒன்று செய்ய அவருக்கு வாய்க்கவே இல்லை. அதனால் யாரும் அவரை மறந்துவிடவும் இல்லை.

ஆகவே, நிகழ்ச்சி நிற்கப் போகிறது என்பதைக் கடைசி வாரத்தில் சொல்லாதீர்கள். இந்த ஞாயிறே சொல்லுங்கள். 'எங்கள் நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்திருப்பவர்கள் கொண்டுவந்து கொடுங்கள், நகல் எடுத்துக்கொண்டு திருப்பித் தருகிறோம்' என்று ஒவ்வொரு வாரமும் சொல்லுங்கள். செல்போனில் பிடித்ததாக இருந்தாலும் பரவாயில்லை.

முதல் வேலை சிடி. எழுதும் சிடியில் தகவல் நிற்பது ஒரு சாயப் படலத்தில். வெயிலும் கடற்கரை ஈரமும் அதற்கு ஆகாது. 16 வருடச் சிடி இன்றைக்கு ஓடுகிறது என்றால் இன்றைக்கே நகல் எடுங்கள். ஒரு டிரைவில் ஓடாதது இன்னொன்றில் ஓடும். வேகத்தைக் குறைத்தால் சில சமயம் பிழைத்துக்கொள்ளும். துடைக்கும்போது நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. ஆடியோ சிடியாக எழுதியிருந்தால், பிழை சரிபார்த்து எடுக்கும் 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' போன்ற மென்பொருள் வேண்டும். பாடகர்கள் கொடுத்த கேசட்டில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் டெக்கில் போடாதீர்கள். நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தாவும். நல்ல கேசட்டை ஒருமுறை முழுக்க முன்னும் பின்னும் சுற்றிவிட்டு, ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், ஒலியைச் சுருக்காத வேவ் வடிவம். ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும்.

கணினியில் இருப்பது எம்பி3 என்றால் அப்படியே விடுங்கள். அதை வேவ் ஆக மாற்றினால் கோப்பு பெருக்குமே தவிர, போன ஒலி திரும்பாது. 128 கேபிபிஎஸ் எம்பி3-இல் உங்கள் 16 வருடமும் சேர்ந்து 50 ஜிபிகூட வராது. இதற்கா இடமில்லை என்பார்கள்?

ஆனால் ஒலிபரப்பான கோப்பை மட்டும் எடுத்துவிட்டு முடிந்தது என்று உட்காராதீர்கள். அதில் பாட்டின் முதல் வரிமேல் அறிவிப்பாளர் பேசியிருப்பார். மூன்றாவது சரணத்தில் விளம்பரத்துக்காக ஒலியைக் குறைத்திருப்பீர்கள். முழுப் பாட்டு இருப்பது வெட்டாத மூலப் பதிவில். அது ரெக்கார்டரின் மெமரி கார்டிலோ, ஒலியை வெட்டி ஒட்டும் ஆடாசிட்டி மென்பொருளின் ஃபோல்டரிலோ கிடக்கும். ஆடாசிட்டியின் பழைய .ஏயுபி கோப்பில் ஒலி கிடையாது, ஒலி பக்கத்து டேட்டா ஃபோல்டரில் இருக்கும். கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போனால் வெறும் கூடுதான் மிஞ்சும். நிலையத்துக் கணினியிலேயே திறந்து வேவ் ஆக ஏற்றுமதி செய்துவிடுங்கள். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நாய்ஸ் ரிடக்‌ஷன் போட வேண்டாம். உடுக்கையின் அதிர்வு அடங்கும் அந்தக் கடைசி இழையை இரைச்சல் என்று நினைத்து மென்பொருள் தின்றுவிடும். பறை உச்சத்தில் ஒலி பிசிறியிருந்தாலும் மூலம் மூலமாகவே இருக்கட்டும். ஒலிபரப்புக்கு வேறு நகல் எடுத்துத் திருத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் மூன்று நகல் வேண்டும். அதில் ஒன்று நிலையத்துக் கட்டடத்துக்கு வெளியே, வேறு ஊரில் இருந்தால் இன்னும் நல்லது. புயல் அடிக்கும் கரையில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

அடுத்தது பெயர். இங்கேதான் நம் நிலையங்கள் அநியாயம் செய்கின்றன. 'பாட்டு12_ஃபைனல்_புதுசு' என்று கோப்புக்குப் பெயர், 'நாட்டுப்புறப் பாடல்' என்று குறிப்பு. எழுதியவர் அடுத்த தெருவில் இருப்பார். பீல் தம்மிடம் இருந்த எல்பி தட்டுகளுக்கு அட்டை தட்டச்சு செய்து வைத்திருந்தார். உங்களுக்கு ஓர் எக்ஸெல் தாள் போதும்: பதிவு செய்த நாள், பாடியவர், ஊர், பாட்டின் முதல் அடி, எழுதியவர், மெட்டு யாருடையது, வாசித்தவர்கள், பதிவு செய்தவர். மெட்டு என்ற கட்டத்தை விட்டுவிடாதீர்கள். சினிமாப் பாட்டு போட்டதில்லை என்கிறீர்கள். சினிமா மெட்டில் சொந்த வரி போட்டுப் பாடியவர்கள் எத்தனை பேர்? அவற்றைத் தனியே பிரித்து வையுங்கள். யூடியூபில் ஏற்றினால் முதலில் உரிமைக் கோரல் வருவது அவற்றுக்குத்தான்.

உரிமை என்றதும் நிலையத்தார் 'எல்லாம் எங்களுடையது' என்பார்கள். பாதிதான் சரி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒலிப்பதிவைத் தயாரித்தவருக்கு 60 ஆண்டு உரிமை உண்டு. பாடியவருக்குத் தனியாக 50 ஆண்டு உண்டு. பாட்டை எழுதியவரின் உரிமை அவர் ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டு நிற்கும். எனவே ஒரு பக்கத்தில், தமிழில், மூன்று கேள்வி போட்டு ஒப்புதல் வாங்குங்கள். ஆவணமாகச் சேமிக்கலாமா? இணையத்தில் எல்லாரும் கேட்க வைக்கலாமா? வேறு யாராவது கேட்டால் கொடுக்கலாமா? மூன்றுக்கும் ஒரே கையெழுத்து வாங்காதீர்கள். ஒன்றுக்குச் சரி என்பவர் மற்றொன்றுக்கு வேண்டாம் என்பார். படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சொல்லும் பதிலை ஒலியாகவே பதிவு செய்யுங்கள். ஒப்பாரிப் பாட்டு விஷயத்தில் பாடிய அம்மாள் சம்மதித்தால் மட்டும் போதாது. பாட்டில் செத்தவர் பெயரும், சண்டை போட்ட பங்காளி பெயரும் வரும். அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் இணையத்தில் ஏற்றினால் ஊரில் வம்புதான்.

ஒரு நகலை நிறுவனத்திடம் ஒப்படைக்க நினைத்தால், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பாருங்கள். 1982இல் தொடங்கி, இப்போது டெல்லியை அடுத்த குருகிராமில் இருக்கும் இன இசையியல் ஆவண மையம் இதற்கென்றே இருக்கிறது. இரண்டிடமும் முதலில் கேட்கப் போவது மேலே சொன்ன எக்ஸெல் தாளைத்தான்.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தால் கடைசி நிகழ்ச்சி தானாக அமையும். தலைவர் உரை, சிறப்பு விருந்தினர் வாழ்த்து எல்லாம் வேண்டாம். 60 நிமிடத்தில் 45 நிமிடம் பாட்டுக்குப் போகட்டும்; எந்தப் பாட்டையும் நடுவில் வெட்டாதீர்கள். நேயர் அழைப்புகளை நேரலையில் எடுத்தால் பத்துப் பேரும் 'நிகழ்ச்சி ரொம்ப நல்லா இருந்துச்சு' என்றே சொல்வார்கள். முன்கூட்டியே பதிவு செய்து, குறிப்பிட்ட ஒரு பாட்டைப் பற்றிப் பேசுகிற மூன்று பேரை மட்டும் போடுங்கள். பழைய பாட்டுகளோடு, போன வாரம் பதிவு செய்த புதுப் பாட்டு ஒன்றும் இருக்கட்டும். வரும் பாடகர்களுக்குப் பொன்னாடைக்குப் பதில், அவரவர் பாடியதெல்லாம் அடங்கிய பென் டிரைவைக் கொடுங்கள். வர முடியாதவர்களுக்கும் இறந்துபோனவர்கள் வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள்.

முடிக்கும்போது இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். பதிவுகள் எங்கே இருக்கின்றன, கேட்க வேண்டுமென்றால் எந்த எண்ணுக்குப் பேச வேண்டும் என்பது ஒன்று. அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் என்ன ஒலிக்கப் போகிறது என்பது மற்றொன்று. அது சினிமாப் பாட்டு என்றால், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.