ஜெனரேற்றர் இரைச்சல்: உங்கள் கேள்விகள்

நிலாவெளி வாசகர்: பிரஷ் இல்லாத ஜெனரேற்றர் என்றுதானே வாங்கினேன். வானொலியில் ஏன் இந்தக் கரகரப்பு?

உரசிப் பொறி விடும் கரித்துண்டான பிரஷ் இல்லை, ஸ்பார்க் பிளக் இருக்கிறதே! பெற்றோல் எஞ்சின் என்றால் முதல் சந்தேகம் அதில்தான். லோட்டைக் கழற்றுங்கள். மத்திய அலையில் நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வானொலியை வைத்துக்கொண்டு எஞ்சின் சுவிட்சை அணையுங்கள். தட்டிய கணமே கரகரப்பு நின்றால் பிளக். சுழற்சியோடு சேர்ந்து தேய்ந்து அடங்கினால் டயோட் (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடும் உறுப்பு) அல்லது ஏவிஆர் (வோல்ற்றைச் சீராக வைக்கும் பலகை). பிளக் என்றால் தடை உள்ளடங்கிய ‘ஆர்’ வகை போடுங்கள்: பிபி6இஎஸ் இருந்த இடத்தில் பிபிஆர்6இஎஸ்.

திருகோணமலை நகர்: இரைச்சல் போக வழி சொல்லவும்.

பெற்றோலா, டீசலா? எத்தனை கேவிஏ? எந்தக் கருவியில் இரைச்சல்? எழுதுங்கள், பார்ப்போம்.

கிண்ணியா, ஐஸ் களஞ்சியம்: 30 கேவிஏ டீசல். இரண்டு ஏவிஆர் எரிந்துவிட்டது. கரகரப்பும் உண்டு.

மூன்றாவதை வாங்காதீர்கள். சுழலும் டயோட் ஒன்று ஷோர்ட் ஆனால் எக்சைற்றருக்கு (ரோட்டருக்குக் கரண்ட் தரும் உள்ளே உள்ள சிறு ஜெனரேற்றர்) ஏவிஆர் அளவுக்கு மிஞ்சிக் கரண்ட் தள்ளித் தள்ளியே எரியும். எஞ்சினை நிறுத்தி, பற்றரி வயரைக் கழற்றிய பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும். ஆறு டயோட்டையும் தனித்தனியே கழற்றி மீற்றரில் பாருங்கள்: ஒரு பக்கம் அரை வோல்ற் அளவு, மறுபக்கம் ஒன்றும் காட்டக்கூடாது. ஒன்று போயிருந்தாலும் ஆறையும் மாற்றுங்கள், திடீர் வோல்ற் ஏற்றத்திலிருந்து அவற்றைக் காக்கும் வேரிஸ்டரையும் சேர்த்து. மூன்று ஒரு துருவம், மூன்று எதிர்த் துருவம். கடையில் ஆறும் ஒரே வகையாக வாங்கி வராதீர்கள்.

மூதூர் வாசகர்: லைனுக்கும் கருவிப் பெட்டிக்கும் இடையில் மின்விசிறிக் கப்பாசிற்றர் போட்டேன். இரைச்சல் குறைந்தது, ஆனால் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது. ட்ரிப் சுவிட்சைக் கழற்றிவிட்டேன்.

கழற்றிவிட்டீர்களா! உடனே திரும்பப் போடுங்கள், கப்பாசிற்றரை எடுத்தெறியுங்கள். 2.5 மைக்ரோபரட், 230 வோல்ற்றில் ஏறக்குறைய 180 மில்லிஅம்பியர் விடும். ட்ரிப் 30க்கே விழும். எர்த் வயர் அறுந்த அன்று, பெட்டியைத் தொடுபவரின் உடம்புதான் வழி. கடற்கரையில் எர்த் கிளாம்ப் பச்சை பூத்து அறுவதற்குப் பல வருடம் தேவையில்லை. எத்தனை தடவை சொல்வது: லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் எக்ஸ்2 வகைக் கப்பாசிற்றர், 0.1 மைக்ரோபரட், 275 வோல்ற். பெட்டிக்குப் போவது வை2 வகை மட்டுமே, 4.7 நனோபரட்டுக்கு மேல் வேண்டாம். அது விடுவது அரை மில்லிஅம்பியருக்கும் குறைவு. எர்த் இல்லாத பெட்டியில் இதுவும் கூடாது. விசிறியின் கப்பாசிற்றர் விசிறியிலேயே இருக்கட்டும்.

உப்புவெளி: ஃபெரைட் வளையம் போட்டும் பயனில்லை.

ஒரு வயரை மட்டும் கோத்திருப்பீர்கள். லைனையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்து ஐந்தாறு சுற்று, ஜெனரேற்றருக்கு அருகில்.

சீனக்குடா: மெகர் (வயர்ச் சுற்றின் காப்பைச் சோதிக்கும் மீற்றர்) போட்டுப் பார்க்கலாமா?

ஏவிஆரைக் கழற்றி, டயோட்களின் முனைகளையும் வயரால் இணைத்து ஷோர்ட் செய்த பிறகு. அதற்கும் முன், எஞ்சினை நிறுத்தி, பற்றரி வயரைக் கழற்றிய பிறகு.