மைனசும் மைனசும் எப்போது பிளஸ்?

வணக்கம் அக்கா. ஏழாவது படிக்கும் உங்கள் பையன் −5 − 3 = 8 என்றும், −5 − (−3) = −8 என்றும் எழுதுகிறான் என்றீர்கள். அவனுக்குக் கணக்கு வராமல் இல்லை. "மைனசும் மைனசும் பிளஸ்" என்று யாரோ பாதியாகச் சொல்லிக் கொடுத்ததுதான் கோளாறு. அது பெருக்கலுக்கான விதி, கூட்டல் கழித்தலில் கண்ட இடத்தில் ஒட்டக்கூடாது.

நானும் தண்டையார்பேட்டைதான். என் மகளுக்கு மளிகைக்கடைக் கடன் நோட்டை வைத்துத்தான் புரியவைத்தேன். கையில் காசில்லை, நோட்டில் 5 ரூபாய் பாக்கி. அதுதான் −5. இன்னும் 3 ரூபாய்க்குக் கடன் சொன்னால் பாக்கி 8, அதாவது −8. கடன் மேல் கடன் வாங்கினால் கையில் 8 ரூபாய் எப்படி வரும் என்று கேளுங்கள், அவனே சிரிப்பான்.

சரி, −5 − (−3)? கடைக்கார அண்ணாச்சி மனசு வைத்து 3 ரூபாய்ப் பாக்கியை அடித்துவிடுகிறார். (அப்படி ஓர் அண்ணாச்சியைக் காசிமேடு வரை தேடினாலும் கிடைக்கமாட்டார், அது வேறு கதை.) கடனைக் கழிப்பதும் அதே அளவு பணம் தருவதும் ஒன்றுதான். ஆகவே −5 + 3 = −2.

பழங்கால இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தரே கி.பி. 628-இல் மிகை எண்ணைத் தனம், குறை எண்ணை ருணம், அதாவது கடன், என்று வைத்துத்தான் விதிகளை எழுதினார்.

அப்புறம், ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு கணக்கிலும் பாக்கி கூடுகிறதா குறைகிறதா என்று முதலில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். விடையைப் பிறகு எழுதட்டும்.