ஃப்ரெட்டைப் பிடுங்கிய பிறகுதான் வேலையே: பேஸ் கிட்டார் கேள்வி பதில்

முத்தியால்பேட்டையில் கிட்டார் பழுதுபார்க்கிற சின்னப் பட்டறை என்னுடையது. ஜூன் 21 இசை விழாவுக்குப் புதுச்சேரித் தெருவெல்லாம் பாட்டுச் சத்தமாக இருக்கும். அது முடிந்த கையோடு இரண்டு மூன்று பேராவது பேஸைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள்: “ஃப்ரெட்டை எடுத்துவிட்டால் இதுவும் ஃப்ரெட் இல்லாத பேஸ் மாதிரி பேசுமா?” ஃப்ரெட் என்பது கிட்டாரின் நெக்கில் (கழுத்தில்) குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டை. தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். வந்தவற்றுக்கு இங்கே பதில்.

லாஸ்பேட்டை, கல்லூரி மாணவர்: அண்ணா, என்னிடம் இருப்பது விலை குறைந்த நான்கு கம்பி பேஸ் ஒன்றுதான். அதில் கை வைக்கலாமா?

விலை குறைந்தது என்பது தடையில்லை தம்பி, நல்லதுதான். ஒன்றுதான் இருக்கிறது என்பதுதான் இடிக்கிறது. அடுத்த வாரம் கச்சேரி இருந்தால் எதில் வாசிப்பாய்? நெக் போல்ட்டில் முடுக்கியதாக இருந்தால் பழைய நெக் ஒன்றைத் தேடிப் பிடித்து அதில் வேலை செய். சரிப்படவில்லை என்றால் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிப் பழையதை மாட்டிக்கொள்ளலாம். நெக்கும் உடலும் ஒட்டியே வந்த பேஸ் என்றால் வேண்டாம். கை வைக்கும் முன் டிரஸ் ராட் (நெக்குக்குள் இருந்து அதன் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) திரும்புகிறதா என்று பார். ராட் இறுகிப்போன நெக்கில் ஃப்ரெட்டைப் பிடுங்குவது வீண் வேலை.

வில்லியனூர்: எதை வைத்துப் பிடுங்குவது? என்னிடம் கட்டிங் பிளையர் இருக்கிறது.

கட்டிங் பிளையரை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். என் முதல் பேஸில் நானும் அதைத்தான் வைத்துக் கிள்ளினேன், அதுவும் சூடே காட்டாமல். மூன்றாவது ஃப்ரெட் வரும்போது அரிசி மணி அளவுக்கு ஒரு சிராய் கூடவே வந்தது. ஐந்தாவதில் இன்னும் பெரிது. பதட்டத்தில் அதை ஊதித் தள்ளிவிட்டேன். அந்தப் பள்ளம் இன்றைக்கும் அந்த நெக்கில் இருக்கிறது, மரத்தூளும் பசையும் அடைத்துக் கறுப்பாக.

ஃப்ரெட்டை வெட்டிப் பார்த்தால் குடை மாதிரி இருக்கும். மேலே வளைந்த தலை, கீழே மரத்துக்குள் இறங்குகிற தகடு. அந்தத் தகட்டின் பக்கங்களில் சின்னச் சின்ன முட்கள் உண்டு. மரத்தைக் கடித்துக்கொண்டு நிற்பது அவைதான். நேராக மேலே இழுத்தால் முள் மரத்தையும் சேர்த்துப் பெயர்க்கும்.

ஆணி பிடுங்கும் குறடு ஒன்று வாங்கி, அதன் வாய்ப் பகுதியை கிரைண்டரில் தட்டையாகத் தேயுங்கள். விளிம்பு ஃப்ரெட் தலைக்கு அடியில் நுழைய வேண்டும். 40 வாட்டுக்குக் குறையாத சால்டரிங் அயர்னில் கொஞ்சம் ஈயம் உருக்கி, ஃப்ரெட்டின் மேல் வைத்து ஓரத்திலிருந்து ஓரம் வரை மெல்ல நகர்த்துங்கள். உள்ளே பசை இருந்தால் இளகும். மரத்திலிருக்கும் எண்ணெய்ப் பசையும் கொஞ்சம் வழிவிடும். பிறகு ஓர் ஓரத்தில் குறட்டை வைத்து அழுத்துங்கள். இழுக்காதீர்கள், அழுத்தினால் போதும். ஃப்ரெட் தானாக ஒரு நூல் எழும். அப்படியே குறட்டை நகர்த்திக்கொண்டே மறு ஓரம் போய்ச் சேர வேண்டும். ஓரங்களில் வார்னிஷ் மூடியிருந்தால் முதலிலேயே பிளேடால் கீறிவிடுங்கள்.

சிராய் கிளம்பினால் அங்கேயே நிறுத்தி, அதே சில்லை அதே இடத்தில் வைத்து, ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு அழுத்துங்கள். இருபது ஃப்ரெட்டையும் எடுத்த பிறகு தேடினால் எந்தச் சில் எந்தப் பள்ளத்துக்கு என்று பிரம்மாவுக்கும் தெரியாது.

அரியாங்குப்பம்: பள்ளங்களை எதைக் கொண்டு அடைப்பது? எம்-சீல் போதுமா?

அடைபடும், ஆனால் எனக்குப் பிடிக்காது. ஃப்ரெட் இருந்த பள்ளம் அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் அகலம். பிளைவுட் கடையில் வினீர்த் தாள் (தாள் போல மெல்லிதாகச் சீவிய மரம்) கிடைக்கும், அதுவும் ஏறக்குறைய அந்தக் கனம்தான். மரம் கறுப்பாக இருந்தால் வெளிர் நிற வினீர், மேப்பிள் போல வெளிறியிருந்தால் கரும் வினீர். அப்போதுதான் ஃப்ரெட் இருந்த இடம் கோடாகத் தெரியும். ஒரு விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, பள்ளத்தின் அடிவரை இறங்குகிறதா என்று பார்த்து, பசை தடவி நிறுத்துங்கள். காய்ந்ததும் மேலே நீட்டிக்கொண்டிருப்பதை உளியால் சீவி, மிச்சத்தை உப்புத்தாளில் தேய்த்துவிடலாம்.

கோடே தெரியாமல் கறுப்பில் கறுப்பாக அடைக்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அடைக்கலாம், பார்க்க வயலின் மாதிரி அழகாக இருக்கும். ஆனால் முதல்முறை செய்கிறவர்களுக்குக் கோடு வேண்டும் என்பதே என் பிடிவாதம். கோட்டைப் பார்த்து வாசிப்பது கௌரவக் குறைவு என்று யாரோ இளைஞர்கள் மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள்.

உழவர்கரை: பிடுங்கி ஒரு வாரம் ஆயிற்று, அடைக்காமல் கம்பி மாட்டினேன். நெக் வில்லாக வளைந்துவிட்டது. போச்சா?

போகவில்லை. ஒவ்வொரு ஃப்ரெட்டும் ஆப்பு மாதிரி மரத்தை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தது. இருபது ஆப்பை உருவிவிட்டீர்கள், இடைவெளிகளும் காலியாகவே இருக்கின்றன. நான்கு கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ இழுக்கின்றன. ஒரு நெல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டால் எது வளையாது? கம்பிகளைத் தளர்த்துங்கள், பள்ளங்களை இறுக்கமாக அடையுங்கள், பிறகு டிரஸ் ராடைக் கால் சுற்று கால் சுற்றாக முடுக்குங்கள். ஒவ்வொரு கால் சுற்றுக்கும் பிறகு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள். மரம் அவசரப்படாது.

கடலூர் ஓல்டு டவுன்: அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாகோ பாஸ்டோரியஸ், ஃப்ரெட் எடுத்த ஃபிங்கர்போர்டில் (நெக்கின் மேல் விரல் பதிக்கும் பலகையில்) படகுக்குப் பூசும் எபாக்சியைத்தான் பூசினாராமே. எங்கள் ஊரில் ஃபைபர் படகு கட்டுகிற இடத்தில் ரெசின் எளிதாகக் கிடைக்கும். பூசலாமா?

வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஜாகோ பூசியது படகு எபாக்சி, உண்மை. ஆனால் நம் ஃபைபர் படகுகளுக்குப் பெரும்பாலும் பூசுவது எபாக்சி இல்லை, பாலியஸ்டர் ரெசின். மூக்கைத் துளைக்கிற நாற்றமும், சில சொட்டு கேட்டலிஸ்ட் விட்டுக் கலக்குவதும் அதன் அடையாளம். எபாக்சி இரண்டு பாகம், டப்பாவில் சொன்ன அளவில் ஹார்டனரைக் கலக்க வேண்டும். பாலியஸ்டரைக் கண்ணாடி இழையோடு சேர்த்தால் கல் மாதிரி நிற்கும். ஆனால் மரத்தை அது எபாக்சி மாதிரி பிடிக்காது. ஃபிங்கர்போர்டு ரோஸ்வுட் என்றால் அந்த மரத்தின் எண்ணெய் அதை இறுகவும் விடாது. சில வகைகள் காற்றுப் படும் மேற்பரப்பில் பிசுபிசுவென்றே நின்றுவிடும். அதனால் படகுக்காரரிடம் எபாக்சி இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று, ஐப்பசி கார்த்திகையில் வேண்டாம். ஈரக் காற்றில் எபாக்சியின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் பூக்கும். பூத்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் துடைத்துவிட்டுத்தான் அடுத்த பூச்சு. மாசி, பங்குனியில் செய்தால் இந்தத் தொல்லை குறைவு.

அதே நண்பர்: ஜாகோ ஃப்ரெட்டை வெண்ணெய்க் கத்தியால் பிடுங்கினார் என்பது?

அவரே ஒரு பேட்டியில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் சொன்ன கதை அது. 1962-ஆம் வருட ஃபெண்டர் ஜாஸ் பேஸ் அது என்பது உறுதி. உலகத்துக்கு அது கேட்டது 1976-இல், அவருடைய முதல் தனி ஆல்பத்தில். ஆனால் ஃப்ரெட் பிடுங்கிய முதல் ஆள் அவர் இல்லை. ரோலிங் ஸ்டோன்ஸ் பில் வைமன் 1961-இலேயே, புது ஃப்ரெட் போடலாம் என்று பழையதை எடுத்துவிட்டு, அந்தச் சத்தம் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார். ஃப்ரெட் இல்லாத பேஸாகவே கடையில் விற்பனைக்கு வந்தது 1966-இல் ஆம்பெக், 1970-இல் ஃபெண்டர்.

திருப்பாதிரிப்புலியூர்: சமப்படுத்தும் வேலையை எங்கள் தெரு ஆசாரியிடம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம், பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருங்கள். மரத்தைக் கண்டால் தட்டையாக்குவதுதான் அவர் கைப்பழக்கம். ஃபிங்கர்போர்டு தட்டை இல்லை, குறுக்குவாட்டில் மெல்லிய வளைவு உண்டு. அந்த வளைவு போனால் எல்லாம் போயிற்று.

அந்த வளைவை வைத்தே அச்சு எடுத்துக்கொள்வது என் வழக்கம். ஃப்ரெட் எடுத்த ஃபிங்கர்போர்டின் மேல் பாலிதீன் தாளை இழுத்து ஒட்டி, கார் பட்டறையில் அடிக்கும் பட்டியைக் கட்டியாக வைத்து, மேலே ஒரு மரத்துண்டை அழுத்தினால் அதன் வயிறு சரியான எதிர் வளைவோடு இறுகும். அதில் 120 உப்புத்தாள் ஒட்டினால் தேய்ப்புக் கட்டை தயார். கம்பியைக் கழற்றிவிட்டு, ராடைத் திருப்பி நெக்கை நேராக்கிக்கொண்ட பிறகே தேய்க்க வேண்டும். பென்சிலால் முழுக்கக் குறுக்குக் கோடுகள் கிறுக்கி, நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் வெட்டுள்ள சின்னத் துண்டு) கடைசிவரை ஒரே ஓட்டமாகத் தேயுங்கள். பென்சில் அழியாத இடம் பள்ளம். எல்லாக் கோடும் ஒன்றாக அழிந்தால் மேடு பள்ளம் தீர்ந்தது. நீளவாட்டில் நேராக இருக்கிறதா என்று பார்க்க, ஜன்னல் வேலைக்கு வாங்கும் அலுமினிய பாக்ஸ் துண்டை மேலே வைத்து வெளிச்சத்துக்குக் காட்டுங்கள். பிறகு 220, 320, 400, 600. முகமூடி கட்டாயம், ரோஸ்வுட் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும்.

முதலியார்பேட்டை: எல்லாம் முடித்தேன். கம்பி தேவைக்கு மேல் உயரமாக நிற்கிறது, வாசிக்கக் கை வலிக்கிறது.

ஃப்ரெட் சுமார் ஒரு மில்லிமீட்டர் உயரம், அது இப்போது இல்லை. நட்டின் வெட்டை அதே அளவுக்கு இறக்க வேண்டும். கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் போதும். அரத்தை நிதானமாக ஓட்டுங்கள், ஒரு இழுப்பு கூடினால் புது நட்தான். உடல் பக்கத்துப் பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சாடிலையும் இறக்குங்கள். அடிமட்டம் வரை இறக்கியும் போதவில்லை என்றால், நெக் உட்காரும் குழியில் பிரிட்ஜ் பக்க ஓரமாக மெல்லிய வினீர்த் துண்டு ஒன்று வையுங்கள்.

நெல்லித்தோப்பு, ஆலயப் பாடகர் குழுவில் வாசிக்கும் சகோதரி: பக்கவாட்டுப் புள்ளிகளைப் பார்த்துத்தான் விரல் வைக்கிறேன். சுருதி எப்போதும் இறங்கியே கேட்கிறது.

கேட்கும் அக்கா. அந்தப் புள்ளிகள் இரண்டு ஃப்ரெட்டுக்கு நடுவில் இருப்பவை. முன்பு நடுவில் அழுத்தினாலும் கம்பியை நிறுத்தியது ஃப்ரெட். இப்போது உங்கள் விரல்தான் ஃப்ரெட், அதனால் விரலின் நடு கோட்டின் மேலேயே விழ வேண்டும். கோடு தெரியாமல் அடைத்தவர்களுக்கு: நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே கம்பி 34 அங்குலம் உள்ள பேஸில் நட்டிலிருந்து ஐந்தாம் ஃப்ரெட் இருந்த இடம் 216.6 மி.மீ., ஏழாம் இடம் 287.2, பன்னிரண்டாம் இடம் 431.8. இந்த அளவில் பக்கத்தில் புதுப் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தினமும் தம்புரா ஆப்பை ஓடவிட்டு, ஒவ்வொரு ஸ்வரத்தையும் நீளமாகப் பிடித்து நில்லுங்கள். பாட்டெல்லாம் அப்புறம்.

தவளக்குப்பம்: எந்தக் கம்பி? எண்ணெய் போதுமா, பூச்சு வேண்டுமா?

இரண்டும் ஒரே கேள்விதான். சாதாரணச் சுருள் கம்பி அரம் மாதிரி மரத்தை அறுக்கும். ஜாகோ எபாக்சி பூசியதே அதனால்தான். ஃப்ளாட்வவுண்ட் (மேலே தட்டையான உலோகப் பட்டை சுற்றிய வழவழப்பான கம்பி) போட்டால் ரோஸ்வுட்டுக்கு லின்சீட் ஆயில் துடைத்தாலே போதும். விலை கூட, ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள்.

முத்திரப்பாளையம்: கட்டைவிரலால் கம்பியை அறைந்து ஸ்லாப் வாசிக்கலாமா?

மொத்தென்று கேட்கும். வேண்டாம்.

மஞ்சக்குப்பம், வீணை கற்றவர்: கமகம் வாசிக்க வசதியாக இருக்குமா?

இருக்கும், ஆனால் வீணைக் கமகம் இல்லை. வீணையில் மெட்டின் (அதன் ஃப்ரெட்டின்) மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்து ஸ்வரத்தை ஏற்றுகிறீர்கள். இங்கே வயலின் மாதிரி விரலே வழுக்கிப் போக வேண்டும். மெட்டே இல்லாத கோட்டுவாத்தியம் கேட்ட காது உங்களுக்கு இருந்தால் பாதி வேலை முடிந்தது. தடித்த கம்பி என்பதால் வேகமான அசைவுகள் மங்கும், ஸ்வரத்திலிருந்து ஸ்வரத்துக்கு நிதானமாக வழுக்கும் ஜாருதான் இதில் அழகு.

அவரே: வீணையின் 24 மெட்டும் மெழுகில் பதித்தவை, உருக்கித் திரும்பப் பதிக்கலாம். இதில் பிடிக்கவில்லை என்றால் ஃப்ரெட்டைத் திரும்பப் போடலாமா?

வினீரை மெல்லிய ரம்பத்தால் அறுத்தெடுத்துப் புது ஃப்ரெட் அடிக்கலாம், நானே இரண்டு செய்திருக்கிறேன். ஆனால் எபாக்சி பூசியிருந்தால் முதலில் அதைத் தேய்த்து எடுக்க வேண்டும். பள்ளத்தின் உதடுகளும் உடைந்திருக்கும். கம்பி, ஃப்ரெட், கூலி எல்லாம் கூட்டிப் பார்த்தால் பழைய நெக் ஒன்று வாங்குவதே மலிவு. லாஸ்பேட்டைத் தம்பிக்கு முதலில் அதைச் சொன்னது அதனால்தான்.