பயிர்நோய் பாக்டீரியாவும் சர்க்கரையும்: கேள்வி பதில்

கவிதா: செடியின் சர்க்கரையை எடுக்க பாக்டீரியாவுக்குத் தனி மரபணு வேண்டுமா? தானாக ஊறிப் போகாதா?

போகாது, சவ்வு விடாது. ஆப்பிளில் தீக்கருகல் நோய் உண்டாக்கும் எர்வினியா அமைலோவோராவைப் பாருங்கள். சுக்ரோஸுக்கென்றே எஸ்சிஆர் என்ற மரபணுத் தொகுப்பு வைத்திருக்கிறது. அதிலுள்ள மரபணுக்களில் ஒய் என்பது வெளிச்சவ்வில் துளை அமைக்கும். ஏ, சர்க்கரையை உள்ளே இழுக்கும்போதே அதில் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். பி அதை வெட்டும். ஆர், தேவையில்லாத நேரத்தில் மற்றவற்றை அடக்கி வைக்கும்.

செந்தில்: ஒரு சர்க்கரை போனால் இன்னொன்றை வைத்துச் சமாளிக்காதா, சார்?

ஆய்வகத் தட்டில் சமாளிக்கும். மரத்தில் முடியவில்லை. ஆப்பிள் மரத்தில் சுக்ரோஸோடு சார்பிட்டால் என்ற சர்க்கரை ஆல்கஹாலும் ஏராளமாக ஓடுகிறது. சார்பிட்டால் மரபணு பழுதான பாக்டீரியாவும் சரி, எஸ்சிஆர்-பி பழுதானதும் சரி, ஆப்பிள் தளிரில் சொல்லும்படியான நோயை உண்டாக்கவில்லை.

வேளாண் மாணவி: நெல் இலைக்கருகலில் பாக்டீரியா நெல்லின் மரபணுவையே இயக்குகிறதாமே?

ஆமாம், எனக்கு மிகவும் பிடித்த கதை இது. சான்தோமோனாஸ் ஒரைசே மரபணுக்களை இயக்கக்கூடிய தன் டேல் புரதங்களை நெல் செல்லுக்குள் செலுத்துகிறது. அவை சர்க்கரையை வெளியேற்றும் வாசல்களை உருவாக்கும் ஸ்வீட் மரபணுக்களின் ப்ரமோட்டரில், அதாவது மரபணுவை இயக்கும் பகுதியில், போய் ஒட்டுகின்றன. உடனே நெல்லே சுக்ரோஸை செல்லுக்கு வெளியே விடுகிறது. ஸ்வீட்11-ன் ப்ரமோட்டர் மாறியிருந்தால் பிடிஹெச்எக்ஸ்ஓ1 என்ற டேல் புரதத்துக்கு ஒட்ட இடமில்லை. எக்ஸ்ஏ13 என்ற நோயெதிர்ப்பு மரபணு என்பது அதுதான். ஒடுங்கு பண்பு என்பதால் இரண்டு பிரதியும் வேண்டும். 2008-ல் வந்த மேம்படுத்திய சாம்பா மசூரி நெல் ரகத்தில் எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ21 ஆகிய எதிர்ப்பு மரபணுக்களோடு இதுவும் இருக்கிறது.

அதே மாணவி: அப்படியானால் ஸ்வீட்11-ஐயே நீக்கிவிடலாமே?

வேண்டாம், அதை அடக்கினாலே மகரந்தம் கெடுகிறது. ப்ரமோட்டரை மட்டும் தொடுவதே புத்திசாலித்தனம். அதிலும் ஒன்று போதாது, பாக்டீரியாவின் சில வகைகள் ஸ்வீட்14-க்குத் தாவிவிடும். அதனால்தான் 2019-ல் ஐஆர்64 நெல் ரகத்தில் ஸ்வீட்11, 13, 14 மூன்றின் ப்ரமோட்டர்களையும் கிறிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவி கொண்டு திருத்தினார்கள்.

ரஹீம்: பாக்டீரியாவின் சர்க்கரை வாசல் வழியாகவே விஷம் அனுப்ப முடியாதா?

அனுப்புகிறார்களே! அக்ரோபாக்டீரியம் செடியில் கழலை உண்டாக்கி, அங்கே அக்ரோசினோபைன் என்ற பொருளைத் தயாரிக்க வைக்கிறது. சுக்ரோஸும் அராபினோஸும் பாஸ்பேட்டால் இணைந்தது அது. அதை உள்ளே இழுக்கும் மரபணுக்கள் டிஐ பிளாஸ்மிட் என்ற தனி டிஎன்ஏ வளையத்தில் உள்ளன. ஆஸ்திரேலியாவில் ஆலன் கெர் கண்டெடுத்த கே84 என்ற தீங்கில்லாத வகை, அக்ரோசின் 84 என்ற நஞ்சைச் சுரக்கிறது. கழலை பாக்டீரியா ஏமாந்து அதே வாசல் வழியாக இதையும் இழுத்துக்கொள்ளும், புரதம் செய்ய முடியாமல் சாகும். நடும் முன் வேரை கே84 கரைசலில் நனைப்பது வழக்கம். ஆனால் அந்த வாசல் இல்லாத வகைகளிடம் இது செல்லாது. திராட்சையைத் தாக்குபவை பெரும்பாலும் அப்படிப்பட்டவைதான்.