இன்ஜின் பிளாக்கில் மரை போனால்: கேள்வி பதில்

இன்ஜின் பிளாக், அதை மேல மூடற ஹெட், அடியில ஆயில் நிக்கற சம்ப், இதுல எங்க மரை போனாலும் கேளுங்க. கேக்கும்போது நாலு விஷயம் எழுதுங்க: போல்ட் சைஸ், பிட்ச் (மரையில ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் உள்ள தூரம், மி.மீ.-ல), உலோகம் அலுமினியமா வார்ப்பிரும்பா, ஓட்டை அடி மூடினதா இல்ல ஊடுருவிப் போறதா. இது இல்லாம "த்ரெட் போச்சு, என்ன பண்ணலாம்"னு மட்டும் கேட்டா உருப்படியா ஒண்ணும் சொல்ல முடியாது.

ரவி, கோவை: சார், டொயோட்டா கேமரி 2.4, 2005 மாடல், 2ஏஇசட்-எஃப்இ இன்ஜின், அலுமினிய பிளாக். கூலன்ட் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. ஹெட்டைக் கழட்டும்போது ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கற தடுப்பு) பக்கம் மூணு போல்ட் கையாலேயே சுத்திச்சு. பிளாக்கையே மாத்தணும்னு சொல்றாங்க. வேற வழி இருக்கா?

பிளாக்கை மாத்த வேண்டாம். அந்த இன்ஜினுக்கே உள்ள நோய் இது. ஆரம்பகால 2ஏஇசட்-ல ஹெட் போல்ட் பிடிக்கிற மரையோட நீளம் 24 மி.மீ. தான். பின்னால டொயோட்டாவே அதை 30 மி.மீ. ஆக்குச்சு. கழட்டின போல்ட்டோட பல்லுக்கு நடுவுல வெள்ளிக் கம்பி சுத்தின மாதிரி ஏதாவது இருக்கான்னு பாருங்க. அதுதான் உங்க பிளாக்கோட மரை.

இதுக்கு முழு உலோக புஷ் (உள்ளயும் வெளியயும் மரை இருக்கற குட்டிக் குழல்) போடுங்க. 11 மி.மீ., 1.5 பிட்ச் டைம்-சர்ட் (புஷ் பிராண்டு) செட், இந்த இன்ஜினுக்குன்னே கிடைக்குது. டெக்குக்கு (ஹெட் உக்காருற பிளாக் மேல்முகம்) கீழ ஆழத்துல மரை ஆரம்பிக்கிறதால நீள டிரில், நீள டேப் (மரை வெட்டற கருவி), வழிகாட்டித் தட்டு மூணும் இருக்கற செட்டாப் பாத்து வாங்குங்க. ஹெட் வெளிய இருக்கும்போதே பத்து ஓட்டைக்கும் போட்டுடுங்க. மூணுக்கு மட்டும் போட்டு மூடினா, அடுத்து பக்கத்து போல்ட் இழுக்கும், திரும்பவும் ஹெட் கழட்டணும்.

முதல்ல சிலிண்டருக்குள்ள கிரீஸ் தடவின துணி, தண்ணி வழிக்கும் எண்ணெய் வழிக்கும் மேல பசை டேப் ஒட்டி அடைப்பு. வழிகாட்டித் தட்டை டெக் மேல போல்ட் போட்டு இறுக்கணும். கண் பார்வைக்கு நேரா தெரியுதுன்னு கை டிரில்ல ஓட்டினா அந்தப் பிளாக் அதோட முடிஞ்சுது. ஓட்டை சாய்ஞ்சா போல்ட்டும் சாயும், போல்ட் தலை ஒரு ஓரத்துல மட்டும் உக்காரும், என்ன டார்க் (இறுக்கற முறுக்கு விசை) வச்சாலும் கேஸ்கெட்டுக்கு அழுத்தம் சமமா போகாது. ரிப்பேர் பண்ணி மறுபடி போன கேஸ்ல பெரும்பாலும் காரணம் இதுதான். புஷ்ஷோட தரத்தைக் குறை சொல்லிப் பிரயோசனம் இல்ல.

டிரில் முனையில ஆழம் காட்டுற காலரை மாட்டி, மெதுவான வேகத்துல, அடிக்கடி வெளிய எடுத்துத் தூள் தட்டி ஓட்டுங்க. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெயில கொஞ்சம் இன்ஜின் ஆயில் கலந்து விட்டா போதும். டேப்போட பள்ளத்துல கிரீஸ் அடைச்சுக்கிட்டா தூள் அதுலயே ஒட்டிக்கும். அரைச் சுத்து முன்னால, கால் சுத்து பின்னால. டேப் இறுகினா பலம் போடாதீங்க, கழட்டித் துடைச்சுட்டுத் திரும்பப் போங்க. பிளாக்குக்குள்ள டேப் ஒடிஞ்சா எடுக்கறது தனி வேலை.

அப்புறம் பிரேக் கிளீனர் அடிச்சு, காத்து அடிச்சு ஓட்டையை எலும்பு மாதிரி காய வைக்கணும். கண்ணாடி போட்டுக்கங்க, தூள் நேரா மூஞ்சிக்குத்தான் வரும். புஷ்ஷோட வெளி மரையில சிவப்பு லாக்டைட் (மரையைப் பூட்டற பசை) ரெண்டு சொட்டு, அதை ஏத்துற டிரைவர்ல மட்டும் எண்ணெய். ஏத்தும்போது கடைசியில கை கனக்கும், அப்புறம் சட்டுனு லேசாகும். அடியில இருக்கற சில மரையை டிரைவர் வெளிப்பக்கமா விரிச்சுப் பூட்டுது, அதனால அப்படி. கனத்ததும் பயந்து நிறுத்திட்டா புஷ் பூட்டாது, போல்ட்டோட சேர்ந்து திரும்ப வந்துடும்.

மூடறதுக்கு முன்னால டெக்லயும் ஹெட்லயும் நேர்ச்சட்டம் வச்சுப் பாருங்க. 0.05 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) நுழைஞ்சா ஹெட்டை லேத்துக்கு அனுப்பணும். ஹெட் போல்ட் பத்தும் புதுசு. கோணம் வச்சு இறுக்கற போல்ட் நீண்டுதான் பிடிக்கும், அதை ரெண்டாவது தடவை நம்பக் கூடாது. மேனுவல் சொல்ற டார்க் வரைக்கும் வரிசைப்படி இறுக்கி, அப்புறம் 90 டிகிரி. அந்த 90-ல கை கனம் ஏறிக்கிட்டே போகணும். பாதியில வழுக்கினா நிறுத்திடுங்க.

இன்னொண்ணு, இதை நான் இன்னைக்குப் பல தடவை சொல்வேன்: அடி மூடின ஓட்டையில எண்ணெயோ கூலன்டோ ஒரு ஸ்பூன் தேங்கி இருந்தாக்கூட போல்ட் பிஸ்டனா மாறிடும். திரவத்தை அமுக்க முடியாது, பிளாக்குதான் விரியும். எண்ணெயை போல்ட் மரையிலயும் தலைக்கு அடியிலயும் லேசா தடவுங்க, ஓட்டைக்குள்ள ஊத்தாதீங்க.

பெயர் வேண்டாம், சேலம்: எம்-சீல் வச்சு அடைச்சு, காஞ்சதும் டேப் போட்டா நிக்காதா?

ஏர் ஃபில்டர் பெட்டி, பிளாஸ்டிக் கவர்னா நிக்கும். அழுத்தமோ சூடோ வர்ற எந்த போல்ட்டுக்கும் வேண்டாம்.

ஜெயந்தி, மதுரை: மாருதி ஆல்டோ 800 சார். ஸ்பார்க் பிளக் மாத்தும்போது மெக்கானிக் குறுக்கா ஏத்தி மரை போச்சு. ஹெட்டைக் கழட்டாம செய்ய முடியுமா?

முடியும். ஆனா செய்யறவருக்குப் பொறுமை வேணும். 14 மி.மீ. பிளக்கா இருந்தா பிட்ச் 1.25. அந்த சிலிண்டரோட பிஸ்டனைக் கீழ இறக்கி வச்சுக்கணும், டேப் இடிக்கக் கூடாது. டேப்ல கிரீஸ் நிறைய. முடிச்சதும் மெல்லிய குழாயை உள்ள விட்டு வேக்குவம்ல தூளை உறிஞ்சணும். கடைசியா பிளக் இல்லாம, இக்னிஷனையும் இன்ஜெக்டரையும் துண்டிச்சுட்டு கொஞ்ச நேரம் கிராங்க் பண்ணினா மிச்சம் வெளிய வந்துடும்.

பிளக்குக்கு கம்பிச் சுருளை (ஓட்டைக்குள்ள புது மரையா உக்காருற ஸ்பிரிங் மாதிரி சுருள், ஹெலிகாயில்) நான் சிபாரிசு பண்ண மாட்டேன். பிளக்கோட சூடு மரை வழியாவும் உக்காருற முகம் வழியாவும்தான் ஹெட்டுக்குப் போகணும், சுருள்ல அந்தத் தொடர்பு குறையும், காஸும் கசியலாம். மேல விளிம்பு வச்ச முழு புஷ் போடச் சொல்லுங்க. அதுக்கப்புறம் பிளக்கை ரப்பர் குழாய்ல செருகிக் கையாலேயே முழுசா ஏத்திட்டு, வாஷர் தொட்டதும் ஸ்பேனர்ல அரையில இருந்து முக்கால் சுத்துக்குள்ள நிறுத்தணும். டார்க் ரென்ச் இருந்தா 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். ஹெட் சூடா இருக்கும்போது பிளக்கைத் தொடவே கூடாது.

சுதன், யாழ்ப்பாணம்: அண்ணை, இன்ஜின் மவுண்டிங் பிராக்கெட் பூட்டுற 10 மி.மீ. போல்ட் ரெண்டு. முதல் மூண்டு சுத்து லேசாப் போகுது, பிறகு இறுகுது. பலமாத் திருப்பினா புரி அறுந்துபோச்சு. அலுமினியம் பிளாக், அடி மூடின ஓட்டை. ஏன் இப்பிடி?

பிட்ச் மாறியிருக்கு தம்பி. 10 மி.மீ. போல்ட்ல 1.25-உம் இருக்கு, 1.5-உம் இருக்கு. ஜப்பான் வண்டிகள்ல 1.25 அதிகம், கடையில சும்மா கேட்டா பெரும்பாலும் 1.5 தருவாங்க. ரெண்டு மூணு சுத்துக்கு ரெண்டும் ஒண்ணா ஏறும், அப்புறம் பல்லு பல்லை அறுக்கும். பிட்ச் கேஜ் வாங்கி வச்சுக்கங்க. பழைய போல்ட் இருந்தா, ரெண்டையும் பல்லோட பல்லு ஒட்டி வெளிச்சத்துக்கு எதிரே பிடிங்க, இடைவெளி தெரிஞ்சா வேற பிட்ச்.

ரிப்பேருக்கு 1.25 பிட்ச் கம்பிச் சுருள் (ஹெலிகாயில்) போதும். டிரில் 10.4 மி.மீ. சுருளோட நீளம் விட்டத்தைப் போல ரெண்டு மடங்கு, அதாவது 20 மி.மீ., ஆழம் இருக்கான்னு அளந்துக்கங்க. சுருள் மேல்மட்டத்துக்குக் கீழ அரைச் சுத்தாவது இறங்கி நிக்கணும், இல்லாட்டி பிராக்கெட் அதை அமுக்கும். அடியில இருக்கற வாலை (சுருளை ஏத்தப் பிடிக்கற குறுக்குத் துண்டு) ஒடிச்சு வெளிய எடுத்துடுங்க. ஓட்டை ஈரமா இருக்கக் கூடாது. மேல கோவைக்காரருக்கு எழுதினதைப் படிங்க.

செந்தில், ஓசூர்: ஹெட் போல்ட்டுக்கு ஹெலிகாயில் கூடாதுன்னு மறைமுகமா சொல்றீங்க. விமானத் தொழிற்சாலையில புது பாகத்துலயே ஹெலிகாயில் போட்டுத்தான் அனுப்பறாங்க. பலம் கம்மின்னு எப்படிச் சொல்லலாம்?

பலம் கம்மின்னு நான் சொல்லவே இல்லை. கணக்கைப் பாருங்க. 10 மி.மீ., 1.5 பிட்ச் போல்ட்டுக்கு சுருள் போடும்போது அலுமினியத்துல வெட்டற மரையோட வெளிவிட்டம் ஏறக்குறைய 12 மி.மீ. அலுமினியம் அறுபடணும்னா இப்ப 12 மி.மீ. உருளை முழுக்க அறுபடணும், முன்னால 10 தான். ஒரே நீளத்துக்கு 20 சதவீதம் கூடுதல் பிடிப்பு. அதனால ஒழுங்கா போட்ட சுருள் கம்பெனி மரையை விடப் பலம், இதுல உங்களோட நான் ஒத்துப்போறேன்.

ஹெட்ல நான் முழு புஷ் கேக்கறதுக்குக் காரணம் வேற. ஆழத்துல வால் ஒடிக்கறது சிரமம், துண்டு உள்ளயே கிடந்தா போல்ட் அடியில முட்டும், டார்க் ரென்ச் பொய் சொல்லும். அடுத்த தடவை ஹெட் கழட்டும்போது சுருள் போல்ட்டோடயே சுத்தி வெளிய வரலாம். புஷ் அடியில பூட்டி இருக்கறதால வராது.

கதிர், திருச்சி: செந்தில் அண்ணே சொல்றது சரிதான். புஷ்ஷுக்குப் பெரிய ஓட்டை வேணும், லைனருக்கு (சிலிண்டரோட உள் குழல்) பக்கத்துல சுவர் மெலிஞ்சுடும். அதைப் பத்திப் பேசவே இல்லையே?

நல்ல கேள்வி. இதுல ரெண்டு வகை புஷ்ஷைப் போட்டுக் குழப்பிக்கறோம். மெல்லிய சுவர் புஷ்ல 10 மி.மீ. போல்ட்டுக்கு வெளி மரை 12 மி.மீ. தான், சுருளும் அதே அளவு. வித்தியாசமே இல்லை. சாவி அடிச்சுப் பூட்டற தடிச்ச புஷ்ஷும், லேத்துல கடைஞ்சு தர்ற புஷ்ஷும்தான் 14, 16-னு போகும். அங்க உங்க பயம் நியாயம். ஹெட் போல்ட் ஓட்டைக்கும் தண்ணி வழிக்கும் நடுவுல சில இடத்துல சில மி.மீ. தான் இருக்கும். டிரில் போடும்போது தண்ணி வழி திறந்துட்டா அந்த ஓட்டை வழியா கூலன்ட் மேல ஏறும், சீலன்ட் வச்சு சமாளிக்கற நிலை வந்துடும்.

செந்தில், ஓசூர்: எங்க ஊர் லேத்துல பித்தளை புஷ் கடைஞ்சு தர்றாங்க. பித்தளை அலுமினியம் அளவுக்கே விரியும், அதனால அதுதான் நல்லதுன்னு சொல்றாங்க.

விரிவு விஷயத்துல அவங்க சொல்றதுல உண்மை இருக்கு. ஒரு டிகிரிக்கு, பத்து லட்சத்துல, அலுமினியம் சுமார் 23 பங்கு விரியும், பித்தளை 19, துருப்பிடிக்காத எஃகு 17, சாதா எஃகு 12. ஆனா 10.9 தர (உயர் பலம்) போல்ட்டை நீளற வரைக்கும் கோணம் வச்சு இறுக்கறோம். அந்த இழுவையை புஷ்ஷோட உள் மரை தாங்கணும், அங்க குட்டை நீளப் பித்தளையை நான் நம்ப மாட்டேன். லேத்துலதான் செய்யணும்னா இ.என்.8 எஃகு ராடுல கடையச் சொல்லுங்க, வெளி மரை நுண் பிட்ச்சா இருக்கட்டும். பித்தளை புஷ்ஷை தெர்மோஸ்டாட் கவர், வாட்டர் பம்ப் கவரோட நிறுத்திக்கங்க.

அன்வர், வாணியம்பாடி: இரும்புத் தூள் கலந்த எபாக்ஸி விக்குதே, எம்-சீல் இல்ல, அது ஹெட் போல்ட்டுக்கு?

கூடாது.

பாலு, கும்பகோணம்: அம்பாசடர் பழைய பெட்ரோல் இன்ஜின், வார்ப்பிரும்பு பிளாக். ஹெட் ஸ்டட் (தலை இல்லாத, ரெண்டு முனையிலும் மரை உள்ள போல்ட்) ஓட்டையில துரு. டேப் விட்டு சுத்தம் பண்ணிட்டேன், இப்ப ஸ்டட் ஆடுது.

வெட்டற டேப்பை நல்ல மரைக்குள்ள விட்டா அது துருவோட உலோகத்தையும் சேர்த்து வெட்டும். சுத்தம் பண்ண வேற கருவி வேணும். பழைய ஸ்டட் ஒண்ணை எடுத்து, நீளவாக்குல மூணு கோடு ஹேக்ஸா பிளேடால வெட்டி, பிசிர் தேச்சு, அதைக் கையால விட்டு எடுங்க. துரு அந்தக் கோட்டுல சேரும், மரை பிழைக்கும்.

ஆடற ஓட்டைக்கு: வார்ப்பிரும்பு அலுமினியத்தை விட உறுதி, விட்டத்தைப் போல ஒண்ணரை மடங்கு நீளம் பிடிச்சா போதும். புது ஸ்டட் போட்டும் ஆடினா சுருள் போடுங்க. வார்ப்பிரும்பை எண்ணெய் இல்லாம உலர்வா வெட்டுங்க, எண்ணெய் விட்டா தூள் சேறாகி டேப்பை இறுக்கும். ஸ்டட்டைக் கையால அடி வரைக்கும் ஏத்தினா போதும், இறுக்கம் மேல நட்டுல வரட்டும். அடி மூடின ஓட்டைன்னா காத்தடிச்சுக் காய வச்சீங்களா?

விமல், சென்னை: ஆயில் சம்ப் டிரெயின் போல்ட் மரை போச்சு. ஒரு சைஸ் பெரிய, தானே வெட்டிக்கிட்டு போற போல்ட் தர்றாங்க. போடலாமா?

வீடு போய்ச் சேரத்தான் அது. கோணலா வெட்டும், வெட்டின தூள் சம்ப்புக்குள்ளதான் விழும், அலுமினியத் தூளை காந்தம் பிடிக்காது. தகடு சம்ப்னா உள்ள பத்த வச்ச நட்டை மாத்தி வெல்டு பண்ணலாம், இல்ல சம்ப்பையே மாத்துங்க. அலுமினிய சம்ப்னா கழட்டி, மேசையில வச்சு, விளிம்பு புஷ் போடுங்க. வாஷர் ஒவ்வொரு தடவையும் புதுசு. டொயோட்டா 12 மி.மீ. டிரெயின் போல்ட்டுக்கு 40 நியூட்டன் மீட்டருக்கு மேல தேவையே இல்லை, அதை இம்பாக்ட் கன் வச்சு அடிக்கறவங்ககிட்ட சர்வீசுக்கு விடாதீங்க.

ஒருவர், தேனி: ஸ்பிளெண்டர்ல டிரெயின் போல்ட்...

பைக் கேள்விகளை பைக் தெரிஞ்சவங்ககிட்ட கேளுங்க. மேல விமலுக்குச் சொன்னது உங்களுக்கும் பொருந்தும்.

நித்யா, ஈரோடு: வாட்டர் பம்ப் 6 மி.மீ. போல்ட், அலுமினியம். டைமிங் கவர் 8 மி.மீ. ரெண்டுக்கும் ஹெலிகாயில் வாங்கினேன், டிரில் சைஸ் எழுதல. எம்-சீல் பத்தி நான் கேக்கல சார்.

நன்றி. 6 மி.மீ., 1.0 பிட்ச்சுக்கு 6.3. 8 மி.மீ., 1.25 பிட்ச்சுக்கு 8.4. 10 மி.மீ., 1.5-ன்னா 10.5. செட்டோட வர்ற தாள்ல வேற எண் இருந்தா அதைத்தான் எடுத்துக்கணும். டேப் அந்த செட்டோடதாவே இருக்கணும், சாதா 8 மி.மீ. டேப் சுருளுக்கு ஆகாது. 6 மி.மீ. போல்ட்டை 8, 9 நியூட்டன் மீட்டரோட நிறுத்துங்க, அதுக்குப் பெரிய ராட்செட் எடுக்காதீங்க. வாட்டர் பம்ப் போல்ட்ல சிலது தண்ணி வழிக்குள்ள ஊடுருவும், அந்த போல்ட்டுக்கு மட்டும் மரையில சீலன்ட் தடவுங்க. எது எதுன்னு கழட்டும்போதே அட்டையில பம்ப் வரைஞ்சு, குத்தி வச்சுடுங்க, நீளமும் ஒவ்வொண்ணும் மாறும். குட்டை போல்ட் இடத்துல நீளமானது போனா அடியில முட்டி பிளாக்கை உடைக்கும், நீளம் போக வேண்டிய இடத்துல குட்டை போனா மூணு மரையில தொங்கி மறுபடி இதே கேள்வி வரும்.