கறைபட்ட மொழியில் ஒரு ராக் பாட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரோட்ரிகஸைப் பற்றிய ஆவணப்படத்தைத் தாமதமாகத்தான் பார்த்தேன். அமெரிக்காவில் யாரும் கண்டுகொள்ளாத ஒரு பாடகர் தென்னாப்பிரிக்காவில் வீட்டுக்கு வீடு ஒலித்திருக்கிறார் என்பதை நம்பவே முடியவில்லை. அந்தப் பித்தில் தேடப்போய், அந்த நாட்டு மொழிகளில் ஒன்றான ஆஃப்ரிகான்ஸில் பாடப்படும் ராக் இசையில் விழுந்துவிட்டேன். யோஹானெஸ் கெர்க்கோரெல், கோஸ் கொம்பெய்ஸ், அப்புறம் ஃபோகோஃப்போலிசிகார் என்று இப்போது இதே வேலை. பொருள் புரியாமலேதான் கேட்கிறேன்.

ஆனால் ஓர் உறுத்தல். 1976இல் ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கறுப்பர் குடியிருப்பான சோவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் சுடப்பட்டது இந்த மொழியை எங்கள் மீது திணிக்காதே என்று சொன்னதற்காகத்தானே? அதே மொழியின் பாட்டை நான் ரசிப்பது சரியா? கெர்க்கோரெல் போன்றவர்களைக் கலகக்காரர்கள் என்கிறார்கள். அவர்கள் வெள்ளையர்கள். சிறைக்குப் போகவில்லை, நாடு கடத்தப்படவில்லை. கறுப்பினப் பாடகி மிரியம் மகேபாவுக்கு முன்னால் இதெல்லாம் கலகமா? இந்தப் பாடல்களால் நிறவெறி அரசு ஆட்டம் கண்டது என்பதும் மிகையாகத் தெரிகிறது. உங்கள் கருத்து என்ன? முடிந்தால் கேட்க வேண்டிய ஐந்து ஆல்பங்களையும் சொல்லுங்கள். ரோட்ரிகஸை உங்களுக்குப் பிடிக்குமா?

ர., திருப்பூர்

அன்புள்ள ர.,

‘ரசிப்பது சரியா’ என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. பாட்டுக் கேட்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம், என்னிடம் நிச்சயமாக வேண்டாம். ஆனால் கொஞ்ச நாளாக நானும் ஆஃப்ரிகான்ஸ் மொழியைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் சரியாக அந்த இடத்தில் வந்து முட்டிவிட்டது.

சில்லறைகளை முதலில் தீர்த்துவிடுவோம். பாட்டால் நிறவெறி அரசு விழவில்லை. தொழிற்சங்கங்கள், கறுப்பர் குடியிருப்புகளில் அடங்காமல் எரிந்த கிளர்ச்சி, கடனை நீட்டிக்க மறுத்த வெளிநாட்டு வங்கிகள் என்று காரணங்கள் வேறு. மகேபாவின் கடவுச்சீட்டை 1960இல் ரத்து செய்தார்கள். பெற்ற தாயின் இறுதிச் சடங்குக்கு அவரால் ஊர் திரும்ப முடியவில்லை. திரும்பியது 1990இல். அவருக்குப் பக்கத்தில் இன்னொருவரை நிறுத்தி உயரம் பார்ப்பது அவருக்கும் மரியாதை இல்லை, நிற்பவருக்கும் இல்லை.

ஆனால் ‘சிறைக்குப் போகவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதை விட முடியாது. கலைஞனின் எடையைச் சிறைச்சாலைப் பதிவேட்டில் தேடும் பழக்கம் எங்கிருந்து வந்தது? 1977இலிருந்து அந்த நாட்டில் ஒவ்வொரு வெள்ளை இளைஞனும் இரண்டு ஆண்டு ராணுவத்தில் இருந்தாக வேண்டும். பள்ளி முடித்த பையன்களை அங்கோலா எல்லைக்கு அனுப்பினார்கள். எண்பதுகளில் கறுப்பர் குடியிருப்புகளுக்குள்ளேயே துப்பாக்கியோடு இறக்கினார்கள். இதை எதிர்த்து 1983இல் தொடங்கிய கட்டாய ராணுவச் சேவை எதிர்ப்பு இயக்கத்தை 1988இல் முடக்கினார்கள். அந்த இயக்கத்துப் பிள்ளைகள் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டது எதை என்று தேடினீர்களா? ‘என்னைக் கெட்டியாகப் பிடித்துக்கொள், கார்ப்பரல்’ என்று ஒரு சிப்பாய்ப் பையன் பாடும் பாட்டை. முழக்கம் கிடையாது, கொடி கிடையாது. வீரனாக இருக்க வேண்டிய வெள்ளைப் பையன் கார்ப்பரலிடம் போய்த் தொற்றிக்கொள்கிறான். வானொலி அதை ஒலிபரப்ப மறுத்தது.

அதைப் பாடியவர் பெர்னோல்டஸ் நீமாண்ட். அப்படி ஒரு ஆளே கிடையாது. ஸ்பிரிங்ஸ் என்ற சுரங்க ஊரிலிருந்து வந்த ஜேம்ஸ் ஃபிலிப்ஸ்தான் அந்தப் பெயரில் பாடினார். அவர் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளை! ஆஃப்ரிகான்ஸ் ராக்குக்கு வாசலைத் திறந்தவர்களில் ஒருவருக்கு அது தாய்மொழியே இல்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். உங்களை விட்டுவிட்டு நான் பேச ஆரம்பிக்கப்போவதும் இதைப் பற்றித்தான்.

1989இல் ஃபிலிப்ஸ், கெர்க்கோரெல், கொம்பெய்ஸ் எல்லோரும் சேர்ந்து ‘ஃபூயெல்ஃப்ரேய்’ என்று ஒரு சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். ஸ்டெல்லன்போஷ் உட்படப் பல ஆஃப்ரிகான்ஸ் பல்கலைக்கழகங்கள் வளாகத்துக்குள் விடவில்லை. வெளியே இடம் பிடித்துப் பாடினார்கள், கூட்டம் அங்கே போனது. கெர்க்கோரெலின் நிஜப்பெயர் ரால்ஃப் ராபி, பத்திரிகையாளராக இருந்தவர். தொலைக்காட்சியில் ஜனாதிபதி பி. டபிள்யூ. போத்தாவின் முகம் வருகிறது, ‘அதை அணை’ என்கிறது அவருடைய ஒரு பாட்டு. அவ்வளவுதான் அதன் அரசியல். போத்தா என்றால் வீட்டில் அப்பாவே குரலைத் தாழ்த்திப் பேசுவார், அப்படி வளர்ந்த பிள்ளைகள் கூட்டமாக நின்று சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ‘இதெல்லாம் கலகமா’ என்று நீங்கள் திருப்பூரில் உட்கார்ந்துகொண்டு முத்திரை குத்துகிறீர்கள்.

சரி, கோபம் போதும்.

அந்த அரசுக்கு எதன் மேல் உண்மையான வெறுப்பு? அரசைத் திட்டுவதை விடவும் அது கலப்பதைத்தான் வெறுத்தது என்று எனக்குத் தோன்றுகிறது. அரசு வானொலி ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியாக அலைவரிசை வைத்தது. ஜுலுவுக்கு ஒன்று, கோசாவுக்கு ஒன்று, சோத்தோவுக்கு ஒன்று. 1983இல் டர்பனில் இந்தியர்களுக்கும் ரேடியோ லோட்டஸ் கிடைத்தது, நம் தமிழுக்கும் அதில் ஒரு பங்கு. பாடல் வரிகளை முன்கூட்டியே வானொலியின் தணிக்கைக் குழுவிடம் கொடுக்க வேண்டும். பிடிக்காத பாட்டை நூலகத்து இசைத்தட்டிலேயே கூரான எதையாவது வைத்துக் கீறிவிடுவார்கள், தவறியும் யாரும் போட்டுவிடக் கூடாது. கெர்க்கோரெலின் ‘ஈட் க்ரீஃப்’ தட்டும் கீறல் வாங்கியதுதான்.

ஆனால் திட்டாத பாட்டுக்கும் கதவு சாத்தியிருந்தது. ஜானி கிளெக் என்ற வெள்ளையரும் சிபோ ம்ச்சுனு என்ற ஜுலு தோட்டக்காரரும் சேர்ந்து ஜுலுகா என்ற குழுவை ஆரம்பித்தார்கள். 1979இல் முதல் ஆல்பம். ஆங்கிலமும் ஜுலுவும் ஒரே பாட்டில் வரும். இது ஜுலு அலைவரிசைக்கும் ஆகாது, ஆங்கில அலைவரிசைக்கும் ஆகாது. இரண்டு மொழிகள் ஒரு பாட்டுக்குள் சேர்ந்திருப்பதே குற்றம். இரண்டு நிறத்தார் ஒரு கட்டிலில் இருந்தால் போலீஸ் கதவைத் தட்டும் நாட்டில் இது ஆச்சரியமில்லை. ஃபிலிப்ஸையும் கெர்க்கோரெலையும் வெளியிட்ட ஷிஃப்டி ரெக்கார்ட்ஸ் என்ன செய்தது தெரியுமா? லாய்ட் ராஸ் ஒரு கேரவன் வண்டியில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருந்தார். 1983இல் அதை இழுத்துக்கொண்டு பக்கத்து நாடான லெசோத்தோவுக்குப் போனார். தென்னாப்பிரிக்காவுக்குள் நுழையத் தடை இருந்த சங்கொமோட்டா என்ற கறுப்பர் குழுவை அங்கே வைத்துப் பதிவு செய்தார். ஷிஃப்டியின் முதல் தட்டு அது. ஆஃப்ரிகான்ஸ் ராக் அதே வண்டியிலிருந்து வந்ததுதான்.

அந்த மொழிக்கும் இதே கதைதான். இதை எனக்குப் புத்தகம் சொல்லித் தரவில்லை. வளைகுடாவில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருந்தபோது, கேப் டவுனிலிருந்து வந்த கிரேன் ஓட்டுநர் ஒருவர் என் அறையில் இருந்தார். மிட்செல்ஸ் பிளெய்ன்காரர், மாநிறம், அங்கே ‘கலர்ட்’, அதாவது கலப்பினத்தார் என்று வகைப்படுத்தப்பட்டவர். வெள்ளிக்கிழமை காலையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே ராப் பாடுவார். பாதி ஆங்கிலம், பாதி எனக்குப் புரியாத ஒன்று. அது ஆஃப்ரிகான்ஸ் என்றதும் நானும் உங்களைப் போலவே, “வெள்ளைக்காரன் பாஷைதானே?” என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

பிறகுதான் சொன்னார். அதே தளத்தில் பிரிட்டோரியாவிலிருந்து வந்த வெள்ளைப் பொறியாளர் ஒருவர் உண்டு. நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேச மாட்டார். ஆனால் இவர் ஆஃப்ரிகான்ஸில் எதையாவது சொன்னால் சிரித்த முகத்தோடு திருத்துவார். “அப்படிச் சொல்லக் கூடாது, இப்படிச் சொல்ல வேண்டும்.” இவருடைய அம்மா, பாட்டி, பாட்டிக்குப் பாட்டி எல்லோரும் பேசியதை அந்த ஆள் திருத்துகிறார். கடைசியில் இவர் அவரோடு ஆங்கிலத்தில் மட்டும் பேச ஆரம்பித்துவிட்டார். தாய்மொழி பேசத் தெரிந்த இரண்டு பேர், ஊரை விட்டு இத்தனை தூரம் வந்து, அந்நிய மொழியில் நட்டு போல்ட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அவர் சொன்னதில் மிகை எதுவுமில்லை. 1652இல் கேப்பில் இறங்கிய டச்சுக் கம்பெனி ஜாவா, மடகாஸ்கர், வங்காளம், ஏன், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுபோனது. ஆவணங்களில் பெயருக்குப் பின்னால் ‘ஃபான் கொரமாண்டல்’ என்று இருக்கும். அவர்களும் அந்த மண்ணின் கோய்கோய் மக்களும் எஜமானனின் டச்சைத் தங்கள் வாய்க்கு வளைத்தார்கள். ஆஃப்ரிகான்ஸ் உருவானதில் பெரிய பங்கு அவர்களுக்கு உண்டு. கேப் டவுன் மதரசாக்களில் அதை அரபு எழுத்தில் எழுதினார்கள். அபு பக்கர் எஃபெந்தியின் மார்க்க நூல் ஒன்று 1877இல் அப்படி அரபு எழுத்தில் இஸ்தான்புலில் அச்சானது. ஆஃப்ரிகான்ஸில் முழு பைபிள் வந்ததே 1933இல்தான். அதற்குள் வெள்ளை தேசியவாதிகள் தெருவில் விளையாடிய பிள்ளையைத் தூக்கிப்போய்த் தேய்த்துக் குளிப்பாட்டி, கோட்டு மாட்டி, இது எங்கள் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட்டார்கள். 1925இல் ஆட்சிமொழி. அப்புறம் காவல்நிலையத்தின் மொழி, கறுப்பர்களை நிறுத்தி அனுமதிச் சீட்டு கேட்கும் பாஸ் சோதனையின் மொழி. 1976 ஜூன் 16இல் சோவெட்டோப் பிள்ளைகள் எதிர்த்தது அந்தக் கோட்டு போட்ட மொழியை.

ஆகஸ்டில் என்ன நடந்தது என்று உங்கள் கடிதத்தில் இல்லை. கேப் டவுனில் கறுப்பு மாணவர்களோடு கலர்ட் பள்ளிப் பிள்ளைகளும் தெருவுக்கு வந்தார்கள். வீட்டில் ஆஃப்ரிகான்ஸ் பேசும் பிள்ளைகள். அவர்களையும் அதே போலீஸ்தான் சுட்டது. இன்றும் ஆஃப்ரிகான்ஸைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் பாதிக்கு மேல் வெள்ளையர் அல்லாதவர்கள். நீங்கள் அந்த மொழியையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும்போது இவர்களையும் சேர்த்து ஏற்றுகிறீர்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பிரிட்டோரியாப் பொறியாளர் நம்பியதைத்தானே நீங்களும் நம்புகிறீர்கள், அது வெள்ளையரின் சொத்து என்று?

ஃபூயெல்ஃப்ரேய்க்காரர்கள் அந்தக் கோட்டைக் கழற்றினார்கள். தேவாலயத்திலும் செய்தியறிக்கையிலும் விறைத்து நின்ற மொழியில் ஆங்கிலக் கொச்சையைக் கலந்து, சாராயக் கடை வாடையோடு மேடையில் விட்டார்கள். அது பெரிய காரியம். ஆனால் கோட்டே போடாமல் திரிந்த ஆஃப்ரிகான்ஸ் ஒன்று பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பயணத்தில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. என் மனக்குறை அங்கேதான், அவர்கள் சிறைக்குப் போகாததில் இல்லை. 1966இல் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, சுமார் 60,000 பேரை வெளியேற்றி, இடித்துத் தள்ளிய கேப் டவுனின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதியின் பிள்ளைகள் புறநகர் மணல்வெளியில் வளர்ந்தார்கள். அங்கிருந்து எண்பதுகளின் கடைசியில் ‘ப்ராஃபெட்ஸ் ஆஃப் டா சிட்டி’ வந்தது. ஆங்கிலமும் கேப் தெரு ஆஃப்ரிகான்ஸும் பிரிக்க முடியாமல் கலந்த ராப். என் அறை நண்பர் வெங்காயத்தோடு பாடியது அவர்களைத்தான். 1994இல் மண்டேலா பதவியேற்ற விழாவில் அவர்கள் பாடினார்கள். ஆஃப்ரிகான்ஸ் ராக் பற்றிய கட்டுரைகளில் அவர்கள் பெயர் ஓரத்தில்கூட வருவதில்லை, வந்தாலும் ‘அது ஹிப்-ஹாப், வேறு கதை’ என்பார்கள்.

சுத்தம் செய்கிறவர்கள் ஒருபோதும் ஓய்வதில்லை. 2006இல் பாக் ஃபான் பிளெர்க் என்பவர் ஆங்கிலேயரை எதிர்த்து நடந்த போயர் போரின் தளபதி தெலாரேயை ‘வந்து எங்களை வழிநடத்து’ என்று கூப்பிட்டுப் பாடினார். மதுக்கடைகளில் வெள்ளை இளைஞர்கள் நெஞ்சில் கைவைத்துப் பாடினார்கள். அரசே அறிக்கை விட வேண்டிவந்தது. நல்ல மெட்டுதான், ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு பக்கம், 2003இல் பெல்வில் என்ற புறநகரில் தொடங்கிய உங்கள் ஃபோகோஃப்போலிசிகார் பையன்கள் தேவாலயத்தையே வம்புக்கு இழுத்தார்கள். பாடகரின் அப்பா பாதிரியார். பெயரிலேயே போலீஸ் வண்டிக்கு ஒரு கெட்ட வார்த்தை. அவர்களை எனக்குப் பிடிக்கும், ஆனால் நீங்கள் எழுதிய அளவுக்கு இல்லை.

ஐந்து ஆல்பம் பட்டியல் தரமாட்டேன். அதற்கு இணையத்தில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒரே ஒருவரைச் சொல்கிறேன். கரூ வறண்ட நிலப்பகுதியில், ஹெர்பர்ட்ஸ்டேல் பக்கம், கற்றாழைச் சாறு எடுத்துப் பிழைத்தவர் ஹானெஸ் கூட்சியே. வாயில் ஒரு தேக்கரண்டியைக் கவ்விக்கொண்டு குனிந்து, அதைக் கம்பியின் மேல் வழுக்கவிட்டு கிட்டார் வாசிப்பார். டேவிட் கிராமர் என்ற பாடகர் ஊர் ஊராகப் போய் இவரைப் போன்றவர்களைத் தேடிப் பிடித்து, ‘கரூ கிட்டார் ப்ளூஸ்’ என்று மேடைக்குக் கொண்டுவந்தார். அந்த வீடியோவைப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகும் ‘இது ஒடுக்கியவனின் மொழி’ என்று எழுதத் தோன்றினால் எழுதுங்கள், அப்போது வேறு விதமாகத் திட்டுகிறேன்.

ரோட்ரிகஸ் பிடிக்கும். அவரைப் பற்றி இன்னொரு நாள்.